வெப்லியைத் திரும்ப வாங்கும் நாள்

துரு பிடித்திருக்காது, பிடித்திருக்க வாய்ப்பே இல்லை என்று சூசைமாணிக்கம் விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சியில் மே மாதம் ஈரம் எங்கிருந்து வரும், காற்றே அடுப்பிலிருந்து வருவதுபோல்தானே வருகிறது, ஆனால் ஈரம் காற்றில்தான் இருக்க வேண்டுமா என்ன, ஒரு போலீஸ்காரரின் உள்ளங்கை வியர்வை போதும், தொட்டுவிட்டு அப்படியே வைத்தால் போதும், நான்கு நாளில் விரல் ரேகை அப்படியே பழுப்பாகப் படிந்துவிடும். போன தேர்தலுக்கு ரிவால்வரை ஒப்படைத்தபோது யாரோ பெயர்ச்சீட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். வெயிலில் அந்த ரப்பர் உருகிக் குழலோடு ஒட்டிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுக் கட்டை விரலாலேயே தேய்த்து எடுக்க மூன்று வாரம் ஆயிற்று, மனைவி ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, எனக்குக்கூட நீங்க இப்படிக் காலைப் பிடிச்சுவிட்டதில்லை என்று சிரித்தாள். இந்த முறை அவரே பருத்தித் துணியில் சுற்றி, நூலால் கட்டி, மேலே சூ. சூசைமாணிக்கம் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். எழுபத்துமூன்று நாள். ஓட்டு எண்ணி முடித்து, ஜெயித்தவர்கள் பட்டாசு வெடித்து, அந்தக் குப்பையையும் கூட்டி முடித்துவிட்டார்கள். உரிமம் வைத்திருப்பவர்கள் வந்து ஆயுதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஃபோன் வந்தது நேற்று. இன்று ஒன்பதரைக்கே வந்து ஸ்டேஷன் வராந்தாவின் மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் துணிப்பை, பைக்குள் காலியான தோலுறை. எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், ஆயுத அறைச் சாவி அவரிடம், பதினொன்றுக்குள் வந்துவிடுவார் என்று ரைட்டர் அம்மா சொன்னார். மாணிக்கம் சார் டீ சாப்பிடறீங்களா என்றும் கேட்டார். அவர் வேண்டாம் என்றார். டீ டம்ளரை இந்தக் கையால் பிடிக்க வேண்டியிருக்கும்.

அந்த நினைப்பை அங்கேயே விட்டார். தோலுறையைப் பையின் மேலாகத் தடவினார். இந்த உறை கிடைத்தது மூர் மார்க்கெட்டில், அது எரிவதற்கு ஒரு வருடம் முன்பு, பழைய பூட்ஸ் குவியலுக்குள் எலி கடித்த ஓரத்தோடு கிடந்தது. உள்மடலில் 1917 என்று அச்சுக் குத்தியிருந்ததைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது, ஏனென்றால் வீட்டில் இருந்த வெப்லியின் உடம்பிலும் அதே 1917. இரண்டும் ஒன்றையொன்று அதற்கு முன் பார்த்திருக்காது, கடல் கடந்து வெவ்வேறு கப்பலில் வந்திருக்கும், வெவ்வேறு இடுப்பில் தொங்கியிருக்கும், ஆனாலும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். அன்று ராத்திரி ரயிலில் திருச்சி வரும் வரை உறையை வயிற்றோடு வைத்துக்கொண்டு வந்தார். வெப்லி வந்த கதை வேறு. ஒரு பம்பு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்த காலத்தில், கண்டோன்மென்ட் பக்கம் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர் அம்மாள், கர்னல் நேசமணி, தன் தகப்பனாரின் ரிவால்வர் திறக்கவில்லை என்று யார் மூலமோ சொல்லியனுப்பினார். சூசைமாணிக்கம் போய்ப் பார்த்தார். வெப்லி, மார்க் ஆறு என்கிற வகை, கனம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடும். கட்டை விரலால் பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தினால் நடு இடுப்பில் மடிந்து, ஆறு அறையையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு திறக்க வேண்டும். திறக்கவில்லை. கொக்கியின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. கடையில் கிடைக்காது, அவரே கம்பி வளைத்து, காய்ச்சி, எண்ணெயில் முக்கி ஸ்பிரிங் செய்தார். மூன்றாவதுதான் சரியாக நின்றது. திறந்து மூடும்போது ஒரு சத்தம் வந்தது, நல்ல இரும்புப் பெட்டி மூடுவதுபோல, அவசரமில்லாத சத்தம். டாக்டர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் மூடுப்பா என்றார். அப்பா வீட்டுக்கு வந்ததும் இந்தச் சத்தம்தான் கேட்கும் என்றார். இரண்டு வருடம் கழித்து, எனக்குப் பிறகு இதை யார் மூடுவார்கள், நீயே வைத்துக்கொள் என்று முறைப்படி எழுதிக் கொடுத்தார். நாற்பது வருடத்தில் சூசைமாணிக்கம் அதை வைத்துச் சுட்டதே இல்லை. கேட்பவர்களிடம், சுடுவதற்காகவா வைத்திருக்கிறோம் என்பார். கேட்பவர்கள் குழப்பத்தோடு போவார்கள். உறை ஏழு, கழுத்தில் மாட்டும் கயிறு நாலு, பித்தளைப் பொத்தான் வைத்த குண்டுப் பை மூன்று, துடைப்புக் கம்பி, எண்ணெய்ப் புட்டி, எல்லாம் சாமான் அறை அலமாரியில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை விளக்கெண்ணெய் தடவுவார், வீடெல்லாம் நாறும், பிரசவ வீடு மாதிரி இருக்கு என்பாள் ரெஜினா.

குண்டு ஆறு. அதற்கு மேல் இருந்ததில்லை. அந்த அளவுக் குண்டு இப்போது எங்கும் கிடைப்பதும் இல்லை. அந்த ஆறும் தனியாக மூடிபோட்ட ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில், தனி அலமாரியில், தனிப் பூட்டில். எப்போதும் தனிப் பூட்டில். எப்போதும், என்று நினைக்கும்போதே அவர் வேறு பக்கம் திரும்பினார். ஸ்டேஷன் சுவரில் காணாமல் போனவர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. ஒரு கிழவர் நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஞாபக மறதி உள்ளவர் என்று கீழே போட்டிருந்தது. சூசைமாணிக்கம் அங்கிருந்தும் திரும்பினார்.

திரும்பிய பக்கம் வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. இறங்கியவர் ஆராவமுதன்.

ஆறு வருடம். ஆறு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதற்கு முன் இருபது வருடம் பேசாத நாளில்லை. ஆராவமுதன் கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்தவர், அவரிடம் இருப்பது என்ஃபீல்டு ரிவால்வர், வெப்லியின் ஒல்லித் தம்பி. தோலில் பூஞ்சை பிடித்தால் எந்தப் பூஞ்சை, எதைத் தடவினால் போகும் என்று பெயரோடு சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சூசைமாணிக்கம் நேராக அவர் வீட்டுக்குத்தான் போவார். மாடியில் பேப்பரை விரித்து இருவரும் ஆளுக்கொரு உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு அடிக்கும். பிறகு அந்தக் குண்டேற்றி வந்தது. உள்ளங்கை அகலத் தகட்டு வளையம், ஆறு குண்டையும் பூப்போலப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தில் ஆறு அறைக்குள்ளும் இறக்கிவிடும். படத்தில்தான் பார்த்திருந்தார்கள். குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள், சாமான்களோடு அதுவும் இருக்கிறது, சனிக்கிழமை போகலாம் சூசை என்று ஆராவமுதன் ஃபோனில் சொன்னார், குரல் சின்னப் பையன் மாதிரி இருந்தது. சூசைமாணிக்கம் வெள்ளிக்கிழமையே போனார். தனியாக. ஏன் போனார் என்று இன்று வரை அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்போதுகூட, நாம் எடுத்து வைத்தால்தான் வேறு யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், சாருக்கும் சேர்த்துத்தானே என்று நினைத்துக்கொண்டே போனார். திரும்பும்போது அது பையில் இருந்தது, அதைச் சாரிடம் கொடுக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. சனிக்கிழமை ஆராவமுதன் குன்னூர் போய்க் காலிப் பெட்டியைப் பார்த்தார். யாரோ திருச்சிக்காரர் நேற்றே வாங்கிவிட்டார் என்றார்கள். அவர் ஃபோன் செய்யவில்லை, சண்டைக்கு வரவில்லை. மறுநாள் பூசை முடிந்து சூசைமாணிக்கம் போனபோது, சார் பூஜையில் இருக்கார் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் பூஜை.

இப்போது ஆராவமுதன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம். தலை முழுக்க நரைத்துவிட்டது, நெற்றியில் ஒற்றைக் கோடாய்ச் சிவப்பு ஸ்ரீசூர்ணம் மட்டும். சூசைமாணிக்கம் வலது கையைத் துணிப்பைக்கு அடியில் செருகிக்கொண்டார். அது சும்மா இருந்தால் இன்னும் ஆடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டே இருக்கும். ஆரம்பம்தான், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். நாற்பது வருடம் நூலளவு தப்பாமல் இரும்பை அராவிய கை. டாக்டரிடம் போனது ரெஜினாவுக்குத் தெரியும். மறதியைப் பற்றி அவர் டாக்டரிடம் சொல்லாதது அவளுக்குத் தெரியாது. மறதி என்று ஒன்றும் இல்லை, ஒரே ஒரு நாள்தான், ஒரு நாள் யாருக்கும் வரும், கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டு, மனசு எங்கேயோ இருந்தது.

மனசு எங்கேயும் இல்லை. அதைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து வெப்லியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குண்டுகளின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது, அதனால் டப்பாவையும் எடுத்து வந்திருந்தார், அது நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. பிறகு அடுத்த ஞாபகம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி காற்றில் அணைவது. நடுவில் ஒன்றுமில்லை. எழுந்தது, கை கழுவியது, சட்டை மாட்டியது, மூட்டு வலி, நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க என்று ரெஜினா சொன்னது, எதுவுமில்லை. அம்மா அப்பா கல்லறைக்குப் பூப் போட்டு, தெரிந்தவர்களோடு பேசி, மாலை மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால், ரெஜினா சாப்பாட்டு மேசை முன்னால் நேராக உட்கார்ந்திருக்கிறாள். மேசை மேல் இடியாப்பக் கூடை கவிழ்த்து வைத்திருக்கிறது. உங்க சாமான் மேசைல இருக்கு, எடுத்து வைங்க, நாலு மணிக்கு டியூஷன் பிள்ளைங்க வந்துருவாங்க என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. எழுந்து போய் டீ போட்டாள். அவர் கூடையைத் தூக்கி, ரிவால்வரை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழக்கத்தில் கொக்கியை அழுத்தித் திறந்தார். ஐந்து அறை காலி. ஒன்றில் குண்டு இருந்தது.

யார் போட்டது. அவரைத் தவிர யாருமில்லை. எதற்காகப் போட்டார், அளவு பார்க்கவா, பச்சை போய்விட்டதா என்று நுழைத்துப் பார்க்கவா. ஏழு மாதமாக அந்தக் காலி இடத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறார், அடியில் எதுவும் வரவில்லை. ரெஜினாவிடம் படிக்க வரும் டியூஷன் பிள்ளைகள் பதினோரு பேர். நாலாம் வகுப்பில் ஒரு பெண், மேசையில் எது இருந்தாலும் கையில் எடுத்துப் பார்க்கிற கை. அந்தக் கூடையை அவள் தூக்குவது, ராத்திரிக் கனவில் இல்லை, பட்டப்பகலில், பஸ்ஸில் போகும்போது, சோற்றைப் பிசையும்போது, கண்ணுக்கு முன்னால் வரும். மார்ச்சில் தேர்தல் அறிவித்து ஒப்படைக்கச் சொன்னபோது முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த எழுபத்துமூன்று நாளும் வெப்லி இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது, அந்த எழுபத்துமூன்று நாளும் அவர் நன்றாகத் தூங்கினார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க அவருக்குத் தெரியவில்லை.

ஜீப் வந்தது. எஸ்.ஐ. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ரைட்டர் அம்மா இரண்டு பொட்டலங்களையும் மேசையில் வைத்து, ரெண்டு பேரும் வாங்க சார் என்றார். பருத்தித் துணியும் நூலும் அவர் கட்டியபடியே இருந்தன. முடிச்சை அவிழ்ப்பதற்குள் வியர்த்துவிட்டது. துருவில்லை. ஒரு பொட்டுத் துருவில்லை. நீலம் பாரித்த அந்தக் கறுப்பு, கைப்பிடி அடியில் கயிறு மாட்டும் வளையம், குழலுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி. வாடா ராசா என்று உதடு வரைக்கும் வந்தது.

“திறந்து காலியா இருக்குன்னு காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்” என்றார் ரைட்டர் அம்மா.

கொக்கியில் கட்டை விரலை வைத்தார். அழுத்தினார். விரல் கொக்கியின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது, டக்டக்கென்று தந்தி அடிப்பதுபோல. அழுத்தம் சேரவில்லை. இரண்டாம் முறையும் சேரவில்லை. தன் கையால் காய்ச்சி வளைத்த ஸ்பிரிங், மூன்றாவதாகச் செய்தது, மிகச் சரியாக நிற்கிறது, அவரைவிடப் பலமாக நிற்கிறது. ரைட்டர் அம்மா ரிஜிஸ்தரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. ஆராவமுதன் தன் கட்டை விரலை அவர் கட்டை விரல் மேலேயே வைத்து அழுத்தினார். ரிவால்வர் மடிந்து திறந்தது. ஆறும் காலி. பிறகு இருவர் கையுமாகச் சேர்ந்து மூடினார்கள். அந்தச் சத்தம் வந்தது.

“எத்தனை நாளா?” என்றார் ஆராவமுதன். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“ஒரு வருஷமா சார்.”

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“காட்டினேன்.” அவர் வெப்லியைத் துணிமேல் வைத்தார். வைத்த பிறகு கை லேசாகிவிட்டது, அந்த லேசில் வாய் தானாகத் திறந்துகொண்டது. “கை மட்டும் இல்லை சார். நவம்பர்ல மேசை மேலயே வச்சுட்டுக் கல்லறைக்குப் போயிட்டேன். உள்ள ஒண்ணு இருந்தது. நான்தான் போட்டிருக்கேன். எப்பப் போட்டேன்னு தெரியலை. ரெஜினாகிட்டகூடச் சொல்லலை.”

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“இது வீட்டுக்கு வர வேண்டாம் சார்” என்றார் சூசைமாணிக்கம். இவ்வளவு நேரம் எங்கே இருந்தது இந்த வார்த்தை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “நீங்க எடுத்துக்கறீங்களா? உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கு.”

“லைசன்ஸ்ல சேர்க்கச் சொல்லிக் கேட்டு எழுதிப் போடணும். குடுப்பாளோ மாட்டாளோ.”

“குடுக்கலைன்னா போகட்டும். இங்கயே இருக்கட்டும். நீங்க கேட்டுப் பாருங்க.” பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, “அந்தக் குண்டேத்தியையும் குடுத்துடறேன் சார். அது உங்களோடது. நான் வெள்ளிக்கிழமையே போனது தப்பு. திருட்டுத்தான் அது” என்றார்.

“அட போய்யா” என்றார் ஆராவமுதன். முகம் சிவந்துவிட்டது. “அந்தத் தகரத்துக்காகவா ஆறு வருஷம் நான் பேசாம இருந்தேன்? நாம ரெண்டு பேரும் போறதா இருந்தது. மலை ரயில்ல போகலாம்னு நான் டிக்கெட்கூட எடுத்து வச்சிருந்தேன், ரெண்டு டிக்கெட். உன்கிட்ட அங்க போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். நீ எடுத்துக்கறேன்னா எடுத்துக்கோன்னுதான் நான் சொல்லியிருப்பேன்.”

மலை ரயில் என்று சூசைமாணிக்கம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் பஸ்ஸில் போனார். ஜன்னல் ஓரம்கூடக் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனார். ரயில் என்றால் சார் வழியெல்லாம் ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்திருப்பார், இது இன்னது சூசை, அது இன்னது, இவர் தலையாட்டிக்கொண்டே வந்திருப்பார், ஒன்றும் மனசில் நின்றிருக்காது, இரண்டு பேருக்கும் நடுவில் தயிர்சாதப் பொட்டலம் இருந்திருக்கும். அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை, ஆனாலும் அது அவருக்குக் கல்லறைத் திருநாளைவிடத் தெளிவாக ஞாபகம் இருந்தது.

திரும்பப் பெற விருப்பமில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், உத்தரவு வரும் வரை இங்கேயே பத்திரமாக இருக்கும் என்றார் ரைட்டர் அம்மா. இந்த முறை நானே எண்ணெய் போட்டு வைக்கிறேன் சார், எப்படிப் போடணும்னு சொல்லிட்டுப் போங்க என்றும் சொன்னார். சூசைமாணிக்கம் பேனாவை எடுத்தார். தேதியே மூன்று இடத்தில் கோணியது. ஆராவமுதன் பேனாவை வாங்கிக்கொண்டார். பெயர், விலாசம், உரிம எண், ரிவால்வரின் எண், எல்லாம் கேட்காமலே எழுதினார். ரிவால்வரின் எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

“காரணம்னு ஒரு வரி எழுதணும்” என்றார் தலை நிமிராமல். “வயசாயிடுத்துன்னு எழுதட்டுமா?”

“இல்லை சார். கை நடுங்குது, மறதி இருக்குன்னு எழுதுங்க.”

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அப்படியே எழுதியது. கீழே கையெழுத்தை மட்டும் சூசைமாணிக்கம் போட்டார், கோணலாக, முழுப் பெயரையும்.

வெளியே வந்து ரெஜினாவுக்கு ஃபோன் செய்தார். வெயிலில் கண் கூசியது. வாங்கியாச்சா என்றாள். இல்லை, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன் என்றார். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அவர் சொல்ல ஆரம்பித்தார், ரெஜினா, அன்னைக்கு மேசைல இருந்துச்சே, அதுக்குள்ள ஒண்ணு, என்று தொடங்கி அதற்கு மேல் வரவில்லை.

“தெரியும்” என்றாள் ரெஜினா.

“என்ன தெரியும்?”

“அது என்னையப் பார்த்துத்தான் இருந்துச்சு. முன்னாடி ஓட்டையெல்லாம் இருட்டா இருந்துச்சு, ஒண்ணுல மட்டும் ஈயம் வெள்ளையாத் தெரிஞ்சுது. அதைத் தொடப் பயமா இருந்துச்சு. விட்டுட்டுப் போகவும் பயமா இருந்துச்சு. அதான் கூடையைக் கவுத்துட்டு உக்காந்துட்டேன்.”

“ஏழு மாசமா ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“நான் சொல்லி நீங்க குடுத்திருந்தா, அது நான் பிடுங்கினதா இருந்திருக்கும்.” மூக்கை உறிஞ்சினாள். “மார்ச் வரைக்கும் தினம் நீங்க தூங்கினப்புறம் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துட்டுத்தான் படுத்தேன். கஷ்டமா இருக்கா?”

“இருக்கு” என்றார்.

“இருக்கும்ல. வெயில்ல நிக்காதீங்க, ஆட்டோ பிடிச்சு வந்துருங்க.”

“ஆராவமுதன் சார் கூட்டிட்டு வர்றேங்கறார். ஸ்கூட்டர்ல.”

குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. பிறகு அவள் குரல் மாறிப் பரபரப்பாக வந்தது, “ஐயய்யோ, இன்னைக்கு நெத்திலிக் குழம்பு வச்சுட்டேனே. சரி, மெதுவா வாங்க. அவருக்குத் தனியா ரசம் வச்சு அப்பளம் பொரிச்சுடறேன்.”